மூட்டைக்கு வந்த வேலை

மூட்டை என்ற நாய்க்கு உலகத்தில் தெரிந்த ஒரே வேலை படுப்பது. தம்பி அதை வளர்த்தது தன் வெல்டிங் பட்டறைக் காவலுக்கு. திருடன் வந்தால் நகர்ந்து வழிவிடும் என்று தெரிவதற்குள் பாசம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அடுத்த தெருவில் தனியாக இருக்கும் அக்கா, பட்டறைக்கு வரும்போதெல்லாம் "தண்டச்சோறு" என்று அதைத் திட்டிவிட்டுத்தான் உட்காருவாள். தீனியைப் பாதியாகக் குறைத்தும் அது பெருத்துக்கொண்டே போனதுதான் தம்பிக்குப் புரியவில்லை.

அன்று மத்தியானம் அக்கா போனில் அழுதாள். "சிட்டு சுருண்டு விழுந்துட்டாடா. ஆஸ்பத்திரிக்கு வா."

சிட்டு அவளுடைய குட்டி நாய். அத்தான் போன பிறகு அந்த வீட்டில் அவளோடு மூச்சுவிடும் இன்னொரு உயிர். தம்பி போட்டது போட்டபடி ஓடினான். மேசையில் கிடந்த சிட்டுவின் ஈறு காகிதமாக வெளுத்திருந்தது.

"மண்ணீரல்ல கட்டி வெடிச்சு உள்ளயே ரத்தம் கொட்டுது. உடனே திறந்து எடுத்தாகணும்," என்றார் டாக்டரம்மா. "ஆனா ரத்தம் கையில இல்லாம கத்தியை எடுத்தா மேசையிலயே போயிடும். ரத்தம் கொடுக்க நோய்நொடி இல்லாத பெரிய நாய் ஒண்ணைக் கூட்டிட்டு வாங்க, சீக்கிரம்."

முதலில் வந்தது கிடங்குக் காவலாளியின் நாய். பார்க்கச் சிங்கம்தான். கழுத்தில் ஊசி பட்டதும் நர்ஸின் கோட்டுப் பையைக் கிழித்து வாயில் வைத்துக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் ஒளிந்தது. அடுத்து வந்த வேட்டை நாய் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றியது.

"மயக்க ஊசி போட்டுடுங்களேன்," என்றான் தம்பி.

"ரத்தம் கொடுக்கிற நேரத்துல பிரஷர் இறங்கிடும், வேண்டாம். ரத்தப் பை நிறையுற வரைக்கும் தானா அசையாம படுத்திருக்கணும். அப்படி ஒரு நாய்க்கு நான் எங்க போவேன்?"

தம்பிக்குப் பொறி தட்டியது. இந்த ஊரிலேயே அந்தக் கலையில் கரைகண்டவன் தன் பட்டறையில் அல்லவா குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான்!

வேனை எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது. மூட்டையைத் தூக்கிப் போட்டான், கொண்டுவந்து இறக்கினான். அது கண்ணைக்கூட முழுசாகத் திறக்கவில்லை. ஒரு சொட்டு எடுத்துச் சிட்டுவின் ரத்தத்தோடு கலந்து பார்த்தார்கள். ஒத்துப்போனது. கழுத்து முடியைச் சிரைத்து ஊசியை ஏற்றியபோது மூட்டை ஒரு பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான். குழாய் சிவந்தது, பை உப்ப ஆரம்பித்தது. தம்பிக்குச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அப்போது வெளியே காத்திருந்த அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். "ஆச்சா?"

மூட்டையின் காதுகள் நிமிர்ந்தன. வால் படபடவென்று மேசையை அடித்தது. பட்டறையில் தீப்பொறி பறந்தாலும் திரும்பாத நாய், தலையைத் தூக்கி எழப் பார்த்தது.

"ஊசி கழண்டுடும், பிடிங்க," என்று டாக்டரம்மா அதட்டினார்.

அக்கா ஒரே எட்டில் வந்து அதன் கன்னத்தை உள்ளங்கையில் ஏந்தினாள். "ஒண்ணுமில்லடா ராஜா, படுத்துக்கோ." மூட்டை அப்படியே அடங்கியது. ஆனால் மூக்கு மட்டும் அவள் கைப்பைக்குள் உரிமையோடு நுழைந்து, பழகிய இடத்தில் தேடி, பாதி தீர்ந்த பிஸ்கட் பாக்கெட்டைக் கவ்வி எடுத்தது.

தம்பி பாக்கெட்டைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"நீ பாதி வயித்துக்குப் போட்டா அது என்னடா பண்ணும்?" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பை நிறைந்தது. சிட்டுவை உள்ளே கொண்டுபோனார்கள். சாயங்காலம் டாக்டரம்மா கதவைத் திறந்து அவர்களைக் கூப்பிட்டார். கட்டுப்போட்ட வயிற்றோடு கிடந்த சிட்டுவின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு இளஞ்சிவப்பாக இருந்தது.

அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். "எத்தனை நாளா நடக்குதுன்னு கேட்டியேடா. நான் போட்ட பிஸ்கட்டு எல்லாம் எங்க போயிருக்குன்னு பாரு."