முதல் கியரில் ஒரு வருடம்

எனக்கு இருபத்து நான்கு வயது. கார் ஓட்டத் தெரியும், ஆனால் முதல் கியரில் மட்டும். சிரிக்காதீர்கள், எனக்கு வயிறு எரிகிறது.

அப்பா லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிறவர். எதையும் மூன்று முறை ஆட்டிப் பார்க்காமல் நம்பமாட்டார். "கண்டவங்க கிட்ட எல்லாம் உன்னை விடமுடியாது" என்று அவரே ஓட்டக் கற்றுக்கொடுத்தார். எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில், ஒரு வருடமாக. இரண்டாவது கியர் பக்கம் கை போனாலே, "அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்.

இன்று லைசென்ஸ் தேர்வு. திங்கட்கிழமை ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டும் வேலையில் சேர வேண்டும். லைசென்ஸ் இல்லையென்றால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும். அப்பாவோ தண்ணீர் பாட்டிலும் பஞ்சும் மருந்துமாகப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"சார், நீங்க இறங்குங்க" என்றார் தேர்வு அதிகாரி.

"நான் அவ அப்பா."

"அதுக்குத்தான் இறங்கச் சொல்றேன்."

கிளம்பினேன். கார் உறுமிக்கொண்டே ஊர்ந்தது. ஒரு தள்ளுவண்டி எங்களை முந்திப் போனது.

"ரெண்டாவது போடும்மா."

"பழக்கமில்ல சார்."

அவர் கையிலிருந்த தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போது ஜன்னலோரம் மூச்சிரைக்கும் சத்தம். லைசென்ஸ் அலுவலகக் காவலாளியின் சைக்கிளில் அப்பா! "பாப்பா, அந்தப் பக்கம் நாய் படுத்திருக்கு! கண்ணாடியப் பாரு! தாகமா இருக்கா?"

மானம் கப்பலேறியது.

"யாரும்மா இவரு?"

"யாருன்னே தெரியாது சார்!"

வந்த ஆத்திரத்தில் கிளச்சை மிதித்து கியரை இழுத்தேன். அது கறகறவென்று அலறிவிட்டு விழுந்தது. கார் துள்ளிப் பாய்ந்தது. விடுவேனா, மூன்றாவதையும் போட்டேன். அடேயப்பா, இத்தனை நாள் இந்தக் கார் இதையெல்லாம் எங்கே ஒளித்து வைத்திருந்தது! கண்ணாடியில் அப்பா சிறுத்துக்கொண்டே போனார், ஒரு கையை இன்னும் ஆட்டியபடி. மனசைப் பிசைந்தது. ஆனாலும் நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

"பாஸ்" என்றார் அதிகாரி, திரும்பி வந்து நிறுத்தியதும். சொல்லிவிட்டு, விட்டால் போதுமென்று இறங்கிப் போனார்.

அப்பா வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். "மூணாவதுல போனியே! பயமா இல்ல?"

"இருந்துச்சுப்பா."

"சாவியக் குடு, வீட்டுக்கு நான் ஓட்டறேன்."

பழக்கதோஷம், கொடுத்துவிட்டேன். அடி பைத்தியமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"குடுங்கப்பா. திங்கக்கிழமை வேன் ஓட்டவும் நீங்களா வரப்போறீங்க?"

மனுஷர் நிஜமாகவே யோசித்தார்!

மூடியிருந்த அவர் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். நான்கு விரல்களை என் பலத்தில்தான் எடுக்க வேண்டியிருந்தது. கட்டை விரலை அவராகவே எடுத்தார்.