குப்புராஜின் ஆறு கிண்ணம்

ஆரணி தாலுகாவில் வயிறு என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான், அது தன்னுடையது என்பதில் குப்புராஜுக்குச் சந்தேகமே கிடையாது. மற்றவர்களுக்கு இருப்பது வெறும் பை. முள்ளிப்பட்டுக் கல்யாணத்தில் இருபத்தெட்டு இட்லியை முடித்துவிட்டு, "டிபன் எப்ப போடுவீங்க?" என்று கேட்டவர் அவர். தறியில் உட்காருமுன் ஒரு வேளை, எழுந்தபின் ஒரு வேளை. ஆம்பிளைச் சாப்பாடு அவ்வளவுதான்.

எழுபத்தொன்பதாம் வருஷம், அவர் மனைவி கன்னியம்மாவுக்குக் கட்டி என்று வேலூரில் இரைப்பையையே எடுத்துவிட்டார்கள்.

"கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேளை சாப்பிடணும். நல்லா மென்னு முழுங்கணும்" என்றாள் நர்ஸ்.

"ஆறு வேளையா? குருவியாட்டம் கொத்திகினு இருக்கணுமா சிஸ்டர்?" என்றார் குப்புராஜ். வார்டே சிரித்தது. கன்னியம்மாவும் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கன்னியம்மாவின் தங்கை பொன்னம்மாள் தினமும் விடியலில் வந்து, கஞ்சி, மசித்த முட்டை, பருப்புச் சோறு என்று ஆறு கிண்ணம் மூடி வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் ஆறும் காலியாக இருக்கும். ஆனாலும் மூன்று மாதத்தில் ரைஸ் மில் தராசு முப்பத்து நாலு கிலோ என்றது. வீட்டில் தேறி வந்தது கோழி மட்டும்தான்.

ஒருநாள் தண்ணீர் குடிக்கத் தறியைவிட்டு எழுந்த குப்புராஜ், கொல்லையில் கன்னியம்மா கிண்ணத்தைக் கோழிக்குக் கவிழ்ப்பதைப் பார்த்தார்.

"இன்னாடி பண்ற?"

"பொன்னி திட்டுவாளேன்னுதான். நீங்க சாப்புடாம நான் எப்டிங்க வாய வெக்கிறது? இருபத்தாறு வருஷப் பழக்கம். எறங்க மாட்டேங்குது."

"அப்போ நீ..."

"நீங்க சாப்ட்டதும் ரெண்டு வேளையும் நாலு நாலு வாய் சாப்புட்றேனே. அதுக்கு மேல முடியல."

எட்டு வாய் சோறு. குப்புராஜ் தண்ணீர் குடிக்காமலே திரும்பினார். அன்று தறி ஓடவில்லை.

மறுநாள் எட்டு மணிக்கே அடுப்படியில் போய்ச் சம்மணம் போட்டார். "எனக்கும் ஒரு கிண்ணம் வையி. பசிக்குது."

மூன்று வாய்க் கஞ்சி. மெல்ல ஒன்றுமில்லாத கஞ்சியை அவர் மென்றார். அவர் விழுங்கும்வரை பார்த்திருந்துவிட்டுத்தான் கன்னியம்மா தன் கிண்ணத்தைத் தூக்கினாள். வளையல் முழங்கைவரை நழுவியது.

பத்தரைக்கு மறுபடி வந்தார். மதியம் வந்தார். நாலாவது கிண்ணத்தின்போது பக்கத்து வீட்டுத் துரைக்கண்ணு எட்டிப் பார்த்தான்.

"இன்னாண்ணே, குருவிச் சோறா?"

குப்புராஜ் மென்றுகொண்டிருந்தார்.