மீன் டாக்டர் வீடு

சோப்பு கரைந்ததுதான் மிச்சம். விரல்களில் ஏறியிருந்த நீலம் கொஞ்சம்கூடப் போகவில்லை. கூடத்தில் மனைவியைக் கிடத்தியிருக்க, மீன் டாக்டர் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு, பாத்திரம் தேய்க்கும் நாரால் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தோல் சிவந்து எரிந்தது. கதவுக்கு வெளியே அவர் மச்சினன், மனைவியின் தம்பி, மறுபடியும் குரல் கொடுத்தான்.

"மாமா, ஆளுங்க வந்துட்டே இருக்காங்க. வெளிய வாங்க."

படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர் இல்லை அவர். லிஃப்ட் மெக்கானிக். ஆனால் அந்தக் குடியிருப்பில் யார் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் எந்த மீன் சுணங்கினாலும் அவருக்குத்தான் போன் வரும். துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நிற்கிறதா, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா, கல்லில் போய் உடம்பை உரசுகிறதா என்று கேட்பார். நேரில் பார்க்காமலே என்ன நோய் என்று சொல்லிவிடுவார். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரர்தான். அதில் அவருக்குப் பெருமை தாங்காது. "எனக்கும் ரெண்டு துடுப்பு முளைச்சா இந்த மனுஷன் திரும்பிப் பார்ப்பார்" என்று வருகிறவர்களிடமெல்லாம் மனைவி சொல்லிச் சிரிப்பாள். அவரும் கூடவே சிரிப்பார்.

நேற்றுச் சாயங்காலம் அவர் பார்த்துக்கொண்டிருந்தது சொந்த வீட்டு நோயாளியை. குண்டு என்று அவள் பெயர் வைத்த தங்கமீன் வயிறு ஊதித் தலைகீழாக மிதந்தது. தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த வயிறு காய்ந்து புண்ணாகி, புண்ணின்மேல் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை படர்ந்திருந்தது. பால்கனியில் ஒரு வாளியில் நீல மருந்தைக் கரைத்து, மீனை உள்ளங்கையில் ஏந்தி, அது நழுவாமல் மருந்துத் தண்ணீரில் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவள் வந்து கதவோரம் நின்றாள்.

"ஏங்க, நெஞ்சுல யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கு. இடது கையும் வலிக்குது. க்ளினிக் வரைக்கும் போயிட்டு வந்துடலாமா?"

அவர் திரும்பவில்லை. "கொஞ்சம் பொறு. இத இப்ப விட்டா செத்துடும்."

"சரி, முடிச்சிட்டு வாங்க" என்றுவிட்டு உள்ளே போனாள்.

அவர் முடித்துவிட்டு வந்தபோது அவள் படுத்துக் கண்ணை மூடியிருந்தாள். வலி விட்டிருக்கும், தூங்கட்டும் என்று நினைத்தார். எழுப்பிக் கேட்கவில்லை. காலையில் எழுப்பியபோது உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் தகவல் தெரிந்ததும் கிடைத்த முதல் பஸ் பிடித்து வந்து சேர்ந்திருந்தாள். அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுது ஓய்ந்து, பிறகு எழுந்து அப்பாவிடம் வந்தாள். குளியலறையிலிருந்து வந்த அவர் கைகளைக் கட்டி, விரல்களை அக்குளில் செருகிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவள் அவர் தோளில் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினாள்.

"நேத்து சாயங்காலம் அம்மா எனக்கு போன் பண்ணாங்கப்பா. வேலையில இருந்தேன், கட் பண்ணிட்டேன். அப்புறம் கூப்பிட மறந்தே போச்சு."

அவர் விரல்களை இன்னும் உள்ளே செருகிக்கொண்டார்.

"உடம்பு முடியலைன்னு சொல்லத்தான் கூப்பிட்டிருப்பாங்க. நான் எடுத்திருந்தா உங்ககிட்ட சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வச்சிருப்பேன். உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையாப்பா?"

"என்கிட்ட ஒண்ணும் சொல்லலம்மா."

யோசித்துச் சொன்னதில்லை. வாய் முந்திக்கொண்டது. சொன்னதுதான் தாமதம், மகள் உடைந்துபோனாள். நான்தான் அம்மாவைக் கொன்றுவிட்டேன், நான்தான் என்று தலையில் அடித்துக்கொண்டாள். சுற்றி இருந்தவர்கள் ஓடிவந்து கையைப் பிடித்தார்கள். பெற்ற பெண்ணை நீங்கள்தான் தேற்ற வேண்டும் என்று அவருக்கு ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். அவர் கை விரல்களை மடக்கிக்கொண்டு அவள் முதுகைத் தடவினார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பிடுங்கிக்கொண்டு என்ன, அந்த நாக்கால் ஒரு வார்த்தை நிஜத்தைச் சொன்னால் போதும், பெண்ணின் பாரம் இறங்கிவிடும். அது அவருக்குத் தெரியாமல் இல்லை. இத்தனை பேர் நடுவில் வேண்டாம், பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டார்.

வளர்ப்பு மீன் கடைக்காரர் வந்தார். மருந்தெல்லாம் அவர் கடையில்தான் வாங்குவது. துக்கம் கேட்டுவிட்டுக் காற்றுக்காகப் பால்கனிப் பக்கம் போனவர், வாளியை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். குண்டு நிமிர்ந்துவிட்டது, நன்றாக நீந்துகிறது என்று மெல்லிய குரலில் சொன்னார். துக்க வீட்டில் ஏதாவது ஆறுதலாகப் பேச வேண்டுமே என்று நினைத்தாரோ என்னவோ, பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து மேலும் சொன்னார்.

"சார் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஒரு மீன் மூச்சை கொஞ்சம் வேகமா இழுத்தாக்கூடக் கண்டுபிடிச்சிடுவார்."

நல்ல மனுஷன், நல்லெண்ணத்தில்தான் சொன்னார். மீன் டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அப்படியே மண்ணுக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து சமையலறைக்குப் போனார்.

அங்கே எதிர்வீட்டு அக்கா, வந்தவர்களுக்கு டீ போடப் பால் தேடி ஃப்ரிட்ஜைத் திறந்திருந்தாள். முகம் கழுவ வந்த மகள் சமையல் மேடையைப் பிடித்தபடி நின்றாள். அக்கா உள்ளேயிருந்து தட்டு போட்டு மூடிய ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்தாள்.

"இது யாருக்குடீம்மா? பச்சப்பிள்ளைக்கு ஊட்டுற மாதிரி வச்சிருக்கு."

வேகவைத்த பட்டாணி நாலைந்து. தோலை உரித்து, அரைகுறையாக மசித்து, ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தது. ஒரு துணுக்குத் தோல்கூட அதில் இல்லை. மகள் கிண்ணத்தை வாங்கி முகத்தருகே கொண்டுபோனாள். அம்மா ராத்திரி வேறெதுவும் சாப்பிட முடியாமல் இதைத்தான் செய்து வைத்துக்கொண்டாளா, அதையும் சாப்பிடவில்லையா என்று கேட்டு விம்மினாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும், விஷயம் அத்தோடு போய்விடும். அவர் கிண்ணத்தையே பார்த்தார். தான் அதைக் கேட்டதே அவருக்கு மறந்துபோயிருந்தது. உள்ளே போகிறவளிடம், போகிற போக்கில், முதுகைத் திருப்பியபடி கேட்டது. அவள் வலிக்கிற அந்தக் கையோடு அடுப்படியில் நின்று ஒவ்வொன்றாக உரித்திருக்கிறாள்.

"மீனுக்கு" என்றார்.

மகள் நிமிர்ந்தாள். "என்னது?"

"மீனுக்கு. வயிறு எளகறதுக்கு. நான்தான் செய்யச் சொன்னேன்."

"எப்ப?"

"நேத்து சாயங்காலம். நெஞ்சு வலிக்குது, க்ளினிக் போலாமான்னு என்கிட்ட வந்து கேட்டா. மீன் கையில இருந்துச்சு. கொஞ்சம் பொறுன்னு சொல்லிட்டு, இதையும் சொன்னேன்."

எதிர்வீட்டு அக்கா தரையைப் பார்த்தாள். மகள் திட்டுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்து நின்றார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கிண்ணத்தின்மேல் தட்டைப் போட்டு மூடினாள். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்து ஃப்ரிட்ஜைச் சாத்தினாள். பாலை வெளியில் வாங்கிக்கொள்ளலாம் என்று அக்காவிடம் சொன்னாள்.

கீழே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. மச்சினன் ஆட்களைக் கூப்பிட்டான். ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டில் ஒரு பக்கம் அவன் நின்றுகொண்டு, மறுபக்கத்தை மாமாவுக்கென்று விட்டிருந்தான். அவர் குனிவதற்குள் மகள் வந்து அந்தப் பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"நீங்க கதவப் பிடிங்கப்பா" என்றாள்.

தானாக மூடிக்கொள்கிற வாசல் கதவு அது. அவர் போய் அதை முழுக்கத் திறந்து, முதுகைக் கொடுத்து, வயிற்றை எக்கி வழிவிட்டார். மகள் அவரைத் தாண்டிப் போனாள். பின்னால் தூக்கியவர்கள் போனார்கள், அவர்களுக்குப் பின்னால் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தவர்கள், தேடித் தேடிச் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்காரர். கடைசி ஆள் படியிறங்கும்வரை அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.