மால்கமின் நாற்பத்து மூன்று குழந்தைகளும் ஒரு திரைச்சீலையும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து திருடியது. இங்கிலாந்தின் கடலோர ஊரான விட்பியில் வெயில் வருவதே அபூர்வம். வந்தால் ஊரே கடற்கரைக்கு ஓடும். எதிர்வீட்டு மால்கம் மட்டும் ஓடிப்போய்த் திரையை மூடுவார். ஏனென்று விசாரிக்கப் போனவன் கதையோடு திரும்பினேன்.

2

முதல் தொடக்கம்: ‘மால்கமுக்கு நாற்பத்து மூன்று குழந்தைகள்.’ (மலிவான வேடிக்கை. அடித்தேன். மனசு கேட்காமல் திரும்ப எழுதினேன்.)

எல்லாம் விக்டோரியா ராணி காலத்து நீர்வண்ண ஓவியங்கள். வாத்துக்கு ரொட்டி போடும் குழந்தை, தொப்பியைக் காற்றில் பறிகொடுத்த குழந்தை, காரணமில்லாமல் முயலைக் கட்டிக்கொண்ட குழந்தை.* நீர்வண்ணத்துக்கு வெயில் ஆகாது. அதனால் முப்பது வருடமாக அந்த முன்னறையில் பகலிலும் விளக்குதான்.

* காரணம் இருந்திருக்கலாம். முயலின் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

3

செவ்வாய்க்கிழமை, பின்னட்டையை மாற்ற முயல்காரியைச் சட்டத்திலிருந்து கழற்றினார் மால்கம். சுற்றியிருந்த அட்டையை எடுத்தால், அதற்கடியில் மறைந்திருந்த பாவாடை ஓரம் விரல் அகலத்துக்கு நல்ல சிவப்பு. மற்றதெல்லாம் வெளிறிய ரோஜா நிறம். ‘என்ன மென்மை பாருங்கள்’ என்று வருகிறவர்களிடமெல்லாம் அவர் பீற்றிக்கொண்டது அந்த வெளிறலைத்தான். படத்தைக் கையில் பிடித்தபடியே மனைவியைக் கூப்பிட்டார்.

“நோரீன்! இவ எப்படி வெளுத்தா?”

“நீ சனிக்கிழமை சனிக்கிழமை ஏலத்துக்குப் போறல்ல? நீ தெரு திரும்பினதும் திரையைத் திறந்துட்டு, அவ பக்கத்துல உக்காந்து டீ குடிப்பேன்.”

“முப்பது வருஷமாவா?”

“மழை பெஞ்சா இல்ல.”

(இங்கே நோரீனை அழவைத்திருந்தேன். படித்துக்காட்டியதும், “நான் எங்க அழுதேன்? பிஸ்கட்டுல்ல தின்னுட்டிருந்தேன்” என்றார். திருத்திவிட்டேன்.)

“அவளைக் கெடுத்துட்டியேடி!”

“அவ வெயில் பட்டு வெளுத்தா, மால்கம். நான் படாம வெளுத்தேன். ஸ்பெயினுக்கு வந்துடுன்னு தங்கச்சி கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. இனிமே திரை திறந்திருந்தா இங்க இருப்பேன். மூடினா கிளம்பிடுவேன்.”

4

முடிவு அ: மால்கம் எல்லாப் படங்களையும் விற்றுவிடுகிறார். (அவரை உங்களுக்குத் தெரியாது.)

முடிவு ஆ: நோரீன் விமானம் ஏறுகிறார். மால்கம் நாற்பத்து மூன்று பேரையும் பார்த்து, ‘டீ யார் போடப்போறீங்க’ என்று... வேண்டாம். இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனசில்லை.

இன்று சனிக்கிழமை. ஏலம் உண்டு, மால்கம் போகவில்லை. இப்போதுதான் வெயில் வந்தது. நோரீன் திரையைத் திறந்துவிட்டார். மால்கம் திரையை மூடும் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறார். நோரீன் வெளியே போகிற கோட்டைப் போட்டிருக்கிறார். ஆனால் கையில் இரண்டு கோப்பை டீ.

கயிற்றை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். சீக்கிரம் சொல்லுங்கள். விட்பி வெயில் பத்து நிமிடம்கூட நிற்காது.