கப்பல் பெட்டி

"அக்கா, கடைசியாக் கேக்குறேன். ஒடைக்கட்டுமா?"

சுத்தியலின் பிளந்த வாயை ஆணித்தலையில் மாட்டிக்கொண்டு தச்சன் பிச்சைமணி நிமிர்ந்து பார்த்தான். போன மாதம் அவனே இழைத்து, அவனே அறைந்த பெட்டி அது.

"ஒடை," என்றாள் மொக்கம்மாள்.

ஆணி கீச்சென்று கத்திக்கொண்டு வெளியே வந்தது. உள்ளே வீட்டில் கயிற்றுக்கட்டிலில் அவளுடைய அப்பா கன்னையன் கால் பெருவிரல்கள் சேர்த்துக் கட்டப்பட்டுக் கிடந்தார். விடிந்தும் விடியாத நேரத்தில் உயிர் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை.

ஏலக்காய் எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்து முற்றத்தில் நாலு கப்பல் பெட்டிகள் இருந்தன. புதன்கிழமை காலையில் மலையிறங்கி, மதுரையில் ரயிலேறி, அடுத்த ஞாயிறு பம்பாயில் கப்பல் ஏற வேண்டிய பெட்டிகள். ஆப்பிரிக்காவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் அவள் மருத்துவச்சி. அவள் கணவர் பாக்கியநாதன் அங்கேயே பள்ளிக்கூட வாத்தியார்; ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கியார். ஏழு வருட ஊழியம் முடித்து ஒரு வருட விடுப்பில் வந்திருந்தார்கள். இந்த மாதக் கடைசிக்குள் அங்கே கால் வைக்காவிட்டால் அந்த நாட்டு அனுமதிச் சீட்டு செல்லாது. மறுபடி தருவார்களா என்பது தெரியாது. பிரசவ வார்டில் இப்போது இருக்கிற கிழட்டு நர்ஸ், "நீ கப்பலை விட்டு இறங்கும் நாள்தான் நான் கப்பல் ஏறும் நாள்" என்று எழுதியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மழையில் போடிமெட்டுக்குக் கீழே ஒரு கொண்டையூசி வளைவில் மண் சரிந்து, மரமும் பாறையுமாக ரோடு அடைபட்டுவிட்டது. ஆள் தட்டுத்தடுமாறி நடந்து வரலாம்; போடியிலிருந்து சவப்பெட்டி வர வழியில்லை. எஸ்டேட்டில் அறுத்து வைத்த பலகை ஒன்றுகூட இல்லை. இருந்ததெல்லாம் இந்த வெள்ளகில் மரப் பெட்டிகள்தான்.

"நெட்டையான மனுசன். ரெண்டு பெட்டி பத்தாது. மூணு வேணும்," என்றான் பிச்சைமணி.

"மூணையும் எடுத்துக்க."

பாக்கியநாதன் பெட்டிச் சாமான்களைப் பாயில் இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். குழந்தை எடை பார்க்கிற தராசு, ரப்பர் விரிப்புகள், கட்டுத்துணிச் சுருள்கள், பாட்டுப் புத்தகங்கள், அப்பளக் கட்டு, மல்லித்தூள் டின். மகள் எஸ்தர், "இதெல்லாம் எதுல போகும்மா?" என்றாள். ஒன்பது வயதுக்காரி.

"போகும்," என்றாள் மொக்கம்மாள். எதில் என்று அவளுக்கும் தெரியவில்லை.

ஆனாலும் அவள் மனசுக்குள் வேறொன்று நின்று எரிந்துகொண்டிருந்தது. அம்மா செத்தபோது அவள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். கடிதம் நாற்பது நாள் கழித்து வந்தது. யாருக்கோ பிரசவம் பார்த்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது கொடுத்தார்கள். இந்த முறை விடுப்பில் வந்து இறங்கிய அன்று அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஒங்காத்தாளுக்குத்தான் குடுப்பினை இல்ல. எனக்காச்சும் ஒரு வாய்த் தண்ணி ஒன் கையால ஊத்திட்டுப் போ." இன்று விடிகாலையில் அவர் தலை அவளுடைய இடது உள்ளங்கையில் இருந்தது. வலது கையால் மூன்று முறை தண்ணீர் விட்டாள். மூன்று முறையும் உள்ளே இறங்கியது. நாலாவது முறை கடைவாய் வழியே வழிந்தது. ஊற்றிவிட்டோம் என்று அவளுக்கு அழுகைக்கு முன்னால் ஒரு நிம்மதி வந்ததை யாரிடமும் சொல்ல முடியாது.

பக்கத்து வீட்டு ராக்கு சுக்குக்காப்பியோடு வந்தாள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அப்பா அடுப்புக்கு விறகு தள்ள, அவள் காய் பரப்புவாள். இருபது வருடம் மலையாளிகளோடு பிழைத்ததில் பிறரைக் கூப்பிடுவதே மாறிப்போனவள்.

"குடி மோளே. வெறும் வயித்தோட அழுதா சத்தமே வராது."

மத்தியானம், சேதி கேட்டு, அப்பாவின் சொந்த ஊரான ராசிங்காபுரத்திலிருந்து சித்தப்பா சின்னச்சாமி வந்து சேர்ந்தார். சரிவுவரை ஜீப்பு, அப்புறம் முழங்கால் சேற்றில் நடை. கூடவே ஏழெட்டுப் பேர். இரண்டு பேர் தோளில் கொட்டு. அவர்களை முந்திக்கொண்டு கொட்டுச் சத்தம் லயத்துக்குள் நுழைந்தது.

லயத்துத் தகரக் கோயிலின் உபதேசியார் வேதக்கண் ஓடி வந்து கையை விரித்தார். "நிறுத்துங்கப்பா! இது கிறிஸ்தவ வீடு. கொட்டெல்லாம் கூடாது."

"ஓய், அது ஒங்களுக்கு. எங்கண்ணன் எழுவத்தெட்டு வயசு வாழ்ந்து செத்திருக்காரு. கல்யாணச் சாவு. கொட்டில்லாமக் கொண்டுபோக அவரு என்ன கள்ளக்கடத்தலா?"

"அவர் ஞானஸ்நானம் வாங்கி இருபத்தஞ்சு வருசம் ஆச்சு."

"அதுக்கு முன்னாடி எனக்கு அண்ணனாகி அம்பது வருசம் ஆச்சு!"

யாரோ சிரித்துவிட்டார்கள். சித்தப்பா முற்றத்துக்கு வந்து, உடைந்து கிடந்த பெட்டிகளைப் பார்த்தார். மிச்சமிருந்த நாலாவது பெட்டியைப் பார்த்தார். முகம் இறுகியது.

"என்னைக்குக் கெளம்புற?"

"புதங்கிழமை, சித்தப்பா."

"பதினாறு?"

மொக்கம்மாள் குனிந்து கீழே கிடந்த ஆணியைப் பொறுக்கினாள்.

"ஒத்தப் பிள்ள. கருமாதி முடியுமுன்ன பெத்த மக கடல் தாண்டுவாளா? ஒங்காத்தாளுக்குத்தான் நீ வரல. ஊரே கேட்டுச்சு, நான் பதில் சொன்னேன். இன்னொரு தடவ என்னால முடியாது. பதினாறு நாள் இரு. இல்ல, போறதுன்னா அப்படியே போ. ராசிங்காபுரத்துல எந்த நல்லது கெட்டதுக்கும் ஒன்னத் தேட மாட்டோம்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்தார். அப்பா போனபிறகு பிறந்த வீடு என்று இருப்பது இந்த ஒரு மனிதர்தான். பதினாறு நாள் இருந்தால் கப்பல் போய்விடும், சீட்டு போய்விடும். போனால் திரும்பி வர வாசல் இல்லை.

பாக்கியநாதன் மெதுவாக, "நீ இரு. நான் எழுதிப் பாக்குறேன்," என்றார்.

எழுதினால் என்ன பதில் வரும் என்று இருவருக்கும் தெரியும்.

காப்பித் தம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த ராக்குதான் திரும்பினாள். "ஏண்ணே, தெரியாமத்தான் கேக்குறேன். இந்த எஸ்டேட்டுல எவனுக்குப் பதினாறு நாளு லீவு குடுத்தான்? எம் புருசன் செத்தப்ப மூணே நாளு. மூணாம் நாளே கருமாதிய முடிச்சிட்டு நாலாம் நாளு காடேறிட்டேன். மலையில பொழைக்கிறவுகளுக்கு எல்லாம் அப்படித்தான். செத்தவுக யாரும் திரும்பி வந்து, எம் பதின்மூணு நாளக் கொண்டான்னு கேக்கல."

கூடியிருந்த லயத்து ஆட்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். எல்லோர் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருந்தது.

மொக்கம்மாள் தலையை நிமிர்த்தினாள். "மூணாம் நாள் செவ்வாய்க்கிழமை. பாலு தெளிக்கிறது, செய்முறை, எல்லாத்தையும் செஞ்சிருவோம் சித்தப்பா. நான் முழுசா இருக்கேன். புதங்கிழமை போறேன்."

"நம்ம சபையில கருமாதி கெடையாதும்மா," என்றார் உபதேசியார்.

"மூணாம் நாள்னா நம்மகிட்ட ஒண்ணுமே இல்லீங்களாய்யா?" என்று கேட்டாள் அவள்.

கர்த்தர் உயிர்த்தெழுந்து கல்லறை திறந்த நாளை வேதக்கண் எப்படி இல்லை என்பார்? "மூணாம் நாள்... நல்ல நாள்தான்," என்றார். "ஜெபம் நான் வச்சுக்குறேன். மத்தத நான் பாக்கல."

"கொட்டு?" என்றார் சித்தப்பா விடாமல்.

"அடிக்கட்டும்," என்றாள் மொக்கம்மாள். "கல்லறத் தோட்டத்து வாசல் வரைக்கும் கொட்டு. உள்ள பாட்டு."

சித்தப்பா அரை மனசாகத் தலையாட்டினார்.

சாயங்காலம் பெட்டி தயாரானது. மூடியை எடுத்து வைத்தபோதுதான் பாக்கியநாதன் 'ஐயோ' என்றார். பெட்டிகளில் அவர் கறுப்பு மையால் இங்கிலீஷில் எழுதியிருந்தார். பிச்சைமணிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. எழுத்துள்ள பக்கம் அழகாக இருக்கிறது என்று அதைத்தான் வெளியே வைத்து அறைந்திருந்தான்.

"என்னண்ணே எழுதியிருக்கு?" என்றான் அவன்.

பாக்கியநாதன் தயங்கினார். எஸ்தர் விரல் வைத்துச் சத்தமாகப் படித்துச் சொன்னாள்: "இந்தப் பக்கம் மேலே. பம்பாயிலிருந்து தாருஸ்ஸலாம் துறைமுகம். பயணத்தில் தேவைப்படாது."

ராக்கு மார்பில் கை வைத்துக்கொண்டு, "பெருசு டிக்கெட்டு எடுக்காமலே நமக்கு முந்திக் கப்பல் ஏறிட்டாரே!" என்றாள்.

சிரிப்பு முற்றம் முழுக்கப் பரவியது. சித்தப்பாவும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மொக்கம்மாள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே குந்தி உட்கார்ந்து, அன்று முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். பிச்சைமணி இழைப்புளியை எடுத்துக்கொண்டு வந்து, "சீவிறட்டுமாக்கா?" என்றான்.

"வேணாம். இருக்கட்டும்."

மழை தூறலாக இறங்கியிருந்தது. கொட்டு முன்னே போக, பெட்டியைத் தோள் மாற்றித் தோள் மாற்றி ஏலச்செடிகளுக்கு நடுவே எடுத்துப் போனார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் கொட்டு நின்றது. நின்ற அதே மூச்சில் பாட்டு எடுத்தார்கள். பாட்டின் மூன்றாவது அடியில், வாசலுக்கு வெளியே நின்ற கொட்டுக்காரர்களில் ஒருவன் விரல் நுனியால் தோலின் மேல் மெல்லத் தாளம் போட ஆரம்பித்திருந்தான். உபதேசியாருக்குக் கேட்டிருக்கும். அவர் இன்னும் சத்தமாகப் பாடினார்.

செவ்வாய்க்கிழமை சித்தப்பா குழிமேட்டில் பால் தெளித்தார். உபதேசியார் வேதம் வாசித்தார். லயத்துக்குத் திரும்பியதும் சித்தப்பா மடியிலிருந்து சிவப்புக் கரை போட்ட புதுத்துண்டு ஒன்றை உதறினார். வாரிசின் தலையில் உருமா கட்டுகிற செய்முறை. கன்னையனுக்கு ஆண்பிள்ளை இல்லை.

"வாங்க மாப்ளே, குனிங்க."

பாக்கியநாதன் ஓரடி பின்னால் போனார். "எனக்கில்ல மாமா. நான் அந்த நேரத்துல வெளிய வெந்நீ வச்சுக்கிட்டு இருந்தேன். கடைசி வரைக்கும் தலையத் தாங்கிப் பிடிச்சிருந்தது அவதான்."

"பொம்பளைக்கா? எந்த ஊருல மாப்ளே?"

"இந்த ஊருலதான்," என்றாள் ராக்கு. "வாயில தண்ணி ஊத்துனவ தலையில துண்டு கட்டுனா வானம் இடிஞ்சா விழுந்துரும்? விழுந்ததெல்லாம் வெள்ளிக்கிழமையே விழுந்துருச்சு."

சித்தப்பா துண்டைப் பார்த்தார். வந்திருந்த ராசிங்காபுரத்து ஆட்களைப் பார்த்தார். அவர்கள் யாரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. மொக்கம்மாள் எழுந்து அவர் முன்னால் போய்த் தலையைக் கொடுத்தாள்.

அவர் கட்டினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. முடிச்சுப் போடும்போது துண்டின் முனை சிறிதாகிவிட்டது.

"ஒங்கப்பனுக்கு இருந்த மாதிரியே பெருந்தல ஒனக்கும்," என்றார். "துண்டு பத்தல பாரு."

அன்று மாலை ஸ்டோரிலிருந்து லயத்துப் பெண்கள் ஏலச்சாக்குகள் கொண்டுவந்தார்கள். அடியில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டு, கட்டுத்துணிகளையும் பாட்டுப் புத்தகங்களையும் அப்பளத்தையும் அதற்குள் வைத்து, கோணி ஊசியால் தைத்தார்கள். ஐந்து சாக்கு, ஒரு பெட்டி. பாக்கியநாதன் மைக்குச்சியை எடுத்தார். ஒவ்வொரு சாக்கிலும் துறைமுகத்தின் பேரை மட்டும் எழுதினார், மற்றதை விட்டுவிட்டார்.

புதன்கிழமை வெயில் அடித்தது. மரத்தையும் பாறையையும் ஒதுக்கியிருந்தார்கள்; மண்ணை இன்னும் அள்ளி முடிக்கவில்லை. மேட்டுப் பக்கம் எஸ்டேட் ஜீப்பு நின்றுகொள்ள, கீழே மறுபக்கம் போடி டிரைவர் வெள்ளைத்துரையின் ஜீப்பு காத்திருந்தது. இடையில் அரை பர்லாங் சேறு. ராக்கு ஒரு சாக்கு, பிச்சைமணி ஒரு சாக்கு, லயத்து ஆட்கள் இரண்டு சாக்கு, பாக்கியநாதனும் இன்னும் இரண்டு பேருமாகப் பெட்டி என்று வரிசையாக இறங்கினார்கள். எடைத் தராசைச் சித்தப்பா தோளில் மாட்டிக்கொண்டார். அது ஒவ்வோர் அடிக்கும் அவர் முதுகில் இடித்தது. ஒரு சாக்கை மொக்கம்மாள் தலையில் ஏற்றிக்கொண்டாள். உருமாவையே சும்மாடாக வைத்துக்கொண்டாள்.

சேற்றின் நடுவில் சித்தப்பா நின்று மூச்சு வாங்கினார்.

"கப்பல்ல எத்தன நாளு?"

"பத்து நாளாகும் சித்தப்பா."

விரல் விட்டு எண்ணினார். "அப்பப் பதினாறாம் நாளு நீ தண்ணி மேல இருப்ப."

"ஆமா."

"சரி. நான் இங்க எள்ளுந் தண்ணியும் எறச்சுக்கிறேன். நீ அங்கருந்து ஒரு கை அள்ளி விடு. அம்புட்டுத் தண்ணி கெடக்குல்ல." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "அடுத்த தடவ வந்தா நேரா ராசிங்காபுரத்துக்கு வா. போடியில எறங்கி அந்தப் பஸ்சு இந்தப் பஸ்சுன்னு நிக்காத. எழுது, நானே வர்றேன்," என்றார்.

சாக்குகளை ஏற்றிக் கட்டியாயிற்று. அவர் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு கயிறாக இழுத்துப் பார்த்தார். "வெள்ளைத்துரை, வெரசாப் போகணும்னு வளைவுல ஒடிச்சிறாத. கப்பலுக்குப் போற சாமான்," என்று அதட்டினார். அப்புறம் சேற்றில் திரும்பி ஏறினார்.

ஜீப்பு மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி, மாந்தோப்புகளைத் தாண்டி, போடிக்குள் நுழைந்தது. எஸ்தர் அம்மாவின் தலையைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் கேட்டேவிட்டாள். "அம்மா, ஊரு வந்துருச்சு. துண்ட அவுக்கலையா?"

மொக்கம்மாள் சாக்கைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. சந்தை நாள் கூட்டத்தில் வெள்ளைத்துரை ஹாரனை அழுத்திப் பிடித்தான். ஏலக்கடை வாசலில் காய் புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் முறத்தை அப்படியே நிறுத்தி, ஜீப்பின் முன்னிருக்கையில் உருமா கட்டி உட்கார்ந்து போகிறவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருத்தி, என்ன ஏதென்று தெரியாமலே, முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.