ஏழு செங்கல்

ஐஸ் பெட்டியைச் சுற்றி எல்லாரும் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்க, செத்தவரின் மகள் நர்மதா காம்பவுண்டுச் சுவரோரம் குனிந்து ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எருமப்பட்டிக்குப் பேச இது போதாதா?

ஏழு. அடிவரிசையில் எட்டுக்கு ஒன்றாக ஏழு செங்கல்லைக் காணோம். பக்கத்தில் அப்பாவின் கடப்பாரை. நேற்று அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததும் இங்கேதான்.

"ஒரு வாரமா உங்கப்பன் இங்கியேதான் குந்தியிருந்தாரு சாமி," என்றாள் பக்கத்து வீட்டு அத்தாயி. "உள்ள எதாச்சும் பொதைச்சு வெச்சிருந்தாரோ?"

"கைய உட்டுப் பாத்தனுங்க்கா. ஒண்ணுமில்லீங்க."

அத்தாயியும் விடியற்காலையிலேயே கைவிட்டுப் பார்த்தவள்தான். அதைச் சொல்வாளா?

ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பாறையைத் துளைத்துத் தண்ணீர் தேடிய அப்பா செல்லமுத்து, சொந்த வீட்டை ஓடைத்தடத்தில் கட்டினார். கொல்லிமலையில் மழை பிடித்தால் ஓடைக்குப் பழைய வழி ஞாபகம் வந்துவிடும். மூன்று முறை சுவரைத் தள்ளியது. மூன்று முறையும் இன்னும் உயரமாக எழுப்பினார். "தண்ணியா, நானான்னு பாத்தர்றேன்" என்பார். தண்ணீர் பதில் பேசாது. அடுத்த ஐப்பசியில் வரும்.

அண்ணன் ஜெகதீஸ்வரன் மணல் மூட்டைகளோடு வந்தான். "எழவு ஊட்டுக்குள்ள பாம்பு பூந்தா அசிங்கம்," என்று ஏழு ஓட்டைகளையும் அடைத்தான்.

மத்தியானம் மலைப்பக்கம் கறுத்தது. இங்கே ஒரு தூறல் இல்லை. பாடைக்கு மூங்கில் வெட்டும்போது சுவருக்கு அந்தப்பக்கம் ஓடையின் இரைச்சல் கேட்டது. காரை பொலபொலவென்று உதிர்ந்தது. சுவருக்கும் ஐஸ் பெட்டிக்கும் பத்தடிதான்.

"அண்ணா, மூட்டைய எடு!"

"பைத்தியமா புடிச்சிருக்கு? தண்ணி உள்ள வந்துரும்!"

"வரட்டும். வழி உட்டா அதும்பாட்டுக்குப் போயிரும். அப்பா அதுக்குத்தான் செங்கல்லைப் பேத்திருக்காரு."

"அப்பாவா? அவரு செத்தாலும் பேக்கமாட்டாரு!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு ஓடிப்போய் ஐஸ் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினான்.

நர்மதா கடப்பாரையால் மூட்டைகளை நெம்பித் தள்ளினாள். ஏழு வாயாகச் செந்தண்ணீர் பாய்ந்தது. சுவர் நின்றது. அழுதுகொண்டிருந்தவர்கள் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்கள். கணுக்கால் ஆழத் தண்ணீர், செல்லமுத்துவின் ஐஸ் பெட்டி இருந்த பெஞ்சுக்கு அடியில் புகுந்து தெருவைப் பார்த்துப் போனது. கூடவே செருப்புகளும்.

"ஐயோ, என்ற புதுச் செருப்பு!" அத்தாயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துரத்தினாள்.

கடைசியாக ஒரு தேய்ந்த ரப்பர் செருப்பு, அப்பாவின் கட்டைவிரல் பதிந்த பள்ளத்தோடு, மிதந்து வந்தது. பாதி திறந்திருந்த கேட்டில் இடித்து நின்றது.

நர்மதா போய்க் கேட்டை அகலத் திறந்துவிட்டாள்.