உவர்க்கிணற்றுப் பேத்தை

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற பேத்தை மீன் கம்சிகாவையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் இடப்பக்கம் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. அயல் தொட்டிகளின் மீன்களெல்லாம் ஆள் நிழல் பட்டதும் ஒளிந்துகொள்ள, இது மட்டும் உருண்டைக் கண்களைத் தனித்தனியே உருட்டி, வந்திருப்பது யார் என்று விசாரிப்பதுபோல நின்றது.

"இதுதான், அப்பா. பெரியம்மாவோடை வந்த அண்டைக்கும் என்னைத்தான் பார்த்தது."

லவன் தலையாட்டினான். அந்த மீனைப் பற்றி ஒரு கிழமையாகப் போனில் தேடித் தேடி வாசித்திருந்தான். வேறு எதையும் வாசிக்க மனம் ஓடாத காலம் அது.

மாசி மாதம் அவன் மனைவி பிரியவதனி செத்துப்போனாள். வயிற்றுவலி என்று நெடுந்தீவில் படகேற்றினார்கள். கடல் குழம்பிக் கிடந்தது. மறுகரையில் குறிகட்டுவான் இறங்குதுறையில் கட்டியபோது அவளிடம் மூச்சில்லை. வீட்டில் விட்டுவர ஆளில்லாததால் பிள்ளையும் அதே படகில் இருந்தது. அதன் பிறகு கம்சிகா படகில் கால் வைக்கவில்லை. கடலுக்கு இந்தப் பக்கம், புளியங்கூடலில் பெரியம்மா மேனுகா வீட்டோடு நின்றுவிட்டாள். லவனுக்கு நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தில் வேலை. இடமாற்றம் கேட்டான், கிடைக்கவில்லை. விடுமுறை நாட்களில் அவன்தான் கடல் தாண்டி வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனான்.

மேனுகா ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டாள். "நான் பிள்ளையைப் பிடிச்சு வைச்சிருக்கேல்லை, லவன். தானா ஏறினால் கூட்டிக்கொண்டு போம். அழ அழ ஏத்த விடமாட்டன். தை பிறந்தால் இஞ்சத்தைப் பள்ளிக்கூடத்திலை சேர்த்துப்போடுவன். பிறகு இடையிலை இழுக்க ஏலாது."

அப்போது மார்கழி பிறந்துவிட்டிருந்தது. அந்தக் கிழமைதான் கம்சிகா யாழ்ப்பாணத்து வளர்ப்பு மீன் கடையில் இந்த மீனைக் கண்டாள். "இது எங்கடை வீட்டிலை இருந்தால் வருவன்" என்றாள். லவன் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொட்டி வாங்கி, நெடுந்தீவுக்கு ஏற்றி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, மோட்டர் பூட்டி வைத்துவிட்டு வந்திருந்தான். இன்று காலை மேனுகா பிள்ளையின் பையில் ஒரேயொரு மாற்று உடுப்பை மடித்து வைத்ததை அவன் பார்த்தான்.

கடையில் நின்ற நிலாந்தி என்ற பெண் முதலில் வேறு தொட்டியைத்தான் காட்டினாள். பெருவிரல் நகத்தளவு மஞ்சள் பேத்தைகள் பாசிக்குள் நின்றன.

"முதல் தொட்டி எண்டால் இதுதான் அண்ணை நல்லது. இதுக்குமேலை வளராது. சின்னத் தொட்டியே காணும். நல்ல தண்ணியிலையே நிக்கும்."

"நல்ல தண்ணி எங்களுக்குக் குடிக்கவே லைனிலை நிக்கோணும்" என்றான் லவன். "கிழமைக்குக் கிழமை மீனுக்கு மாத்தினால் ஊர் சிரிக்கும்."

"எந்த இடம்?"

"நெடுந்தீவு."

"அப்ப கிணறு?"

"உவர். தேத்தண்ணிக்குப் பால் விட்டால் திரைஞ்சுபோம்."

நிலாந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப தங்கச்சி கேக்கிற பச்சைப் புள்ளியன்தான் உங்களுக்கு. நாங்கள் உப்பை நிறுத்துப் போட்டு வைச்சிருக்கிறம். உங்களுக்குக் கிணறே போட்டுத் தருது. வளர வளர உப்பைக் கூட்டோணும், கடலும் பக்கத்திலை. நல்ல தண்ணியிலை விட்டுத்தான் கனபேர் இதைச் சாக்காட்டுறவை."

பிரியவதனி இருந்தவரை அந்தக் கிணற்றைத் திட்டாத நாளில்லை. அந்தத் தண்ணீர்தான் வேண்டும் என்று கேட்கிற ஓர் உயிர் உலகத்தில் இருப்பது லவனுக்கு விசித்திரமாக இருந்தது.

"அந்தப் பெரிசு?" என்று கம்சிகா மூலையைக் காட்டினாள். கோடு போட்ட பேத்தையொன்று முழங்கை நீளத்தில் கிடந்தது.

"அது வேண்டாமம்மா. அதுக்கு உங்கடை கிணத்தையே குடுக்கோணும். கை வைச்சால் விரலும் போம்."

"இதுக்குத் துணைக்கு இன்னொண்டு?"

"துணைக்கு ஒண்டும் விடக்கூடாது. செட்டையைக் கடிச்சுத் திண்டுபோடும். இவருக்குத் தனிய இருக்கத்தான் விருப்பம்."

"அப்பா மாதிரியோ?"

நிலாந்தி சட்டென்று வலையை எடுத்து வேலையைப் பார்த்தாள். மீனைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்கவில்லை. தண்ணீருக்குள்ளேயே ஒரு கோப்பையில் ஒதுக்கி, கோப்பையோடு பையில் சரித்தாள். பையின் வாயைக் கட்டும்போது லவனிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"நத்தை, ஊரி ஓட்டோடை குடுங்கோ, பல்லுத் தேய வேணும். மற்றது அண்ணை, ஊதுறதைப் பார்க்கவெண்டு மட்டும் வெளியிலை எடுத்துப்போடாதேங்கோ. தண்ணியைக் குடிச்சு ஊதினால் திருப்பிக் கக்கும். காத்தைக் குடிச்சால் கக்க ஏலாது. மல்லாந்து மிதந்துகொண்டே செத்துப்போம்."

"தெரியும்" என்றான். வாசித்திருந்தான்.

குறிகட்டுவானில் பஸ் நின்றபோது படகு புறப்பட இருந்தது. கம்சிகா இறங்குதுறையின் விளிம்பில் நின்றாள். கால்கள் நகரவில்லை. லவன் கையை நீட்டவில்லை. எதைச் சொன்னாலும் முறிந்துவிடும் என்று பட்டது. அவள் பையை முகத்தருகே உயர்த்தினாள்.

"பயப்பிடாதை, நானும் வாறன்" என்று மீனுக்குச் சொல்லிவிட்டு உள்ளே இறங்கினாள்.

அவர்களுக்கு எதிரே வெறும் மீன் கூடையோடு சூசையம்மா இருந்தாள். யாழ்ப்பாணத்தில் கருவாடு விற்றுவிட்டுத் திரும்புகிறவள். கரைவலைக்காரரின் மனைவி. பையைக் கண்டதும் வாயைப் பொத்தினாள்.

"என்ன தம்பி, இது பேத்தையல்லோ?"

"ஓம் அக்கா."

"காசு குடுத்தோ?"

"ஓம்."

படகே சிரித்தது. "நாங்கள் கரையிலை காலாலை தட்டிவிடுற சாமானைக் கண்ணாடிப் பெட்டியிலை வைச்சு விக்கிறாங்களாம்! என்ரை மனிசன் கேள்விப்பட்டால் நாளைக்கே கடை போட்டிடும். கறிகிறி வைச்சிடாதையும் தம்பி, நஞ்சு, குடும்பத்தோடை போவியள்."

"வைக்கிறேல்லை" என்றான் லவன். கம்சிகா சூசையம்மாவை முறைத்துவிட்டுப் பையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

கரை மறைந்த பிறகு கடல் தூக்கியது. எஞ்சின் சத்தம் மாறியது. படகு ஒருபக்கம் சரிந்து எழுந்தபோது ஒரு சாக்கு உருண்டது, யாரோ முருகனைக் கூப்பிட்டார்கள். லவன் தரையைப் பார்த்தபடி இருந்தான். அந்தப் பலகையில்தான் மாசியில் பிரியவதனியைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் பிள்ளையின் உடம்பு மரக்கட்டைபோல இறுகுவதை அவன் தோள் உணர்ந்தது.

"அப்பா, திருப்பச் சொல்லுங்கோ."

"கொஞ்சத் தூரம்தான்."

"இறங்கோணும். அப்பா, இறங்கோணும்." அவளுடைய பற்கள் அடித்தன. குரல் மேலே போய்க்கொண்டிருந்தது. எழும்பப் பார்த்தபோது மடியிலிருந்து பை நழுவியது.

சூசையம்மா அதைப் பிடித்தாள். "இஞ்சை பார் குஞ்சு. அழாதை, ஒரு விளையாட்டுக் காட்டுறன்." பையின் கட்டை அவிழ்த்தாள், கையை விட்டாள், மீன் வெளியே வந்துவிட்டது. லவன் பாதி எழுந்தான். அவள் உள்ளங்கையில் வைத்து வயிற்றைச் சுண்டுவிரலால் தடவ, மீன் கிறீச் கிறீச் என்று சத்தமிட்டுக் காற்றை விழுங்கியது. வெள்ளை வயிறு ஊதியது. இன்னும் ஊதியது. வாலும் முகமும் ஒட்டவைத்ததுபோலச் சிறுத்து, ஒரு பந்து மட்டும் மிஞ்சியது.

கம்சிகா சிரித்தாள்.

முதலில் மூச்சாகத்தான் வந்தது. பிறகு சத்தமாக, வயிறு குலுங்க, கண்ணீரோடு. "ஐயோ அப்பா, அதின்ரை மூஞ்சியைப் பாருங்கோ!" படகில் இருந்தவர்களும் சிரித்தார்கள். மாசிக்குப் பிறகு அந்தச் சத்தத்தை லவன் கேட்டதில்லை. போதும் அக்கா, தண்ணிக்குள் விடுங்கோ என்ற சொல் அவன் நாக்கில் இருந்தது. அதைச் சொன்னால் சிரிப்பு நிற்கும். சிரிப்பு நின்றால் அலறல் வரும். அவன் திரும்ப உட்கார்ந்தான்.

"இன்னொருக்கா!" என்றாள் கம்சிகா. சூசையம்மா இன்னுமொருமுறை தடவினாள்.

பையில் திரும்ப விட்டபோது மீன் மல்லாந்து மிதந்தது. செட்டைகள் மட்டும் அடித்துக்கொண்டிருந்தன. அந்தக் கூத்தில் கடல் தாண்டிப் போயிற்று.

வீட்டில் தொட்டி தெளிந்திருந்தது. அடியில் முருகைக்கல்லும் கடற்கரைச் சிப்பியும் போட்டிருந்தான். மீன் அதற்குள்ளும் மல்லாந்துதான் மிதந்தது. லவன் சட்டைக் கையை மடித்துத் தண்ணீருக்குள் கையை விட்டு, அதன் தலை மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து மெல்ல ஆட்டினான். அப்படிச் செய்தால் காற்று வெளியேறலாம் என்று வாசித்திருந்தான். வாயிலிருந்து ஒரு குமிழி வந்தது. பிறகு ஒன்று. வயிறு வற்றவில்லை. கை விறைத்து, மற்றக் கையை விட்டான். கம்சிகா கதிரையில் ஏறி நின்று பார்த்தாள். மீனும் அவளைப் பார்த்தது. சாப்பிடக் கூப்பிடவும் அவனுக்குத் தோன்றவில்லை.

மதியம் சாய்ந்தபோது செட்டை நின்றது.

"செத்திட்டுதோ?"

"ஓம்."

"போட்டிலை அந்த மாமி வெளியிலை எடுத்ததாலையோ?"

"ஓம்."

அவள் கதிரையிலிருந்து இறங்கவில்லை. "எடுத்தால் செத்துப்போம் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

இல்லை என்று சொல்லலாம். கேட்டவள் ஏழு வயதுப் பிள்ளை. அவனுக்குப் பொய் கட்டுகிற பலம் இருக்கவில்லை.

"தெரியும்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நீ சிரிச்சுக்கொண்டிருந்தனீ."

அவள் தொட்டியைப் பார்த்தாள். மோட்டர் குமிழி விட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு குமிழிக்கும் மீன் சற்று அசைந்தது.

"அம்மா சாகப்போறா எண்டும் உங்களுக்குத் தெரியுமோ?"

"இல்லை. கம்சி, அது தெரியாது. சத்தியமாத் தெரியாது."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். நம்புவதா என்று பார்க்கிற பார்வை. அவன் இன்னும் எதையாவது சொல்லியிருக்க வேண்டும். அணைத்திருக்க வேண்டும். ஈரக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். அவள் பார்த்து முடித்தாள்.

"பின்னேரப் போட் எத்தினை மணிக்கு?"

"நாளைக்குப் போகலாம். ஒரு இரவு நிண்டு பார்."

"மீன் இல்லைத்தானே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. திறக்காத உடுப்புப் பையைத் தானே எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

இறங்குதுறைக்கு நடக்கும்போது மதில்களுக்கு அப்பால் மாடுகள் மேய்ந்தன. அவள் முன்னே போனாள், அவன் பின்னே. கடல் காலையைவிட மோசமாக இருந்தது. படகு தூணோடு மோதிக்கொண்டு நின்றது. லவன் அவள் நிற்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் நிற்கவில்லை. கயிற்றைப் பிடித்து நின்ற படகுக்காரன் கை கொடுக்க, அவள் அந்தக் கையைப் பிடித்து ஒரே எட்டில் உள்ளே இறங்கிப் போய், தூரத்து யன்னலோரம் இருந்துகொண்டாள்.

"என்ன பிள்ளை, வந்த கையோடை திரும்புறீரோ?" என்று படகுக்காரன் கேட்டான்.

"ஓம். பெரியம்மா பார்த்துக்கொண்டிருப்பா."

லவன் ஏறினான். அவளுக்குப் பக்கத்து இருக்கையில் அவள் தன் பையை வைத்திருந்தாள். அவன் அதற்கு இந்தப் பக்கம் இருந்தான்.